கிணற்றுக்குள்ளிருந்து வந்த குரல்

ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் இருவர், குவைத்தில் வீட்டு வேலை செய்யும் தாயுடன் ஞாயிறுதோறும் எமது நிலையத்து மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசுவர். கம்பியில்லா ஹெட்செட் மாட்டினால் தாய் சொல்வது பிறர் காதில் விழாது. ஆனால் அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. "அம்மாவுக்குச் சொகமில்லையா?" என்று சின்னவள் கலங்கினாள். நாம் சிக்னலைக் குறை சொன்னோம். மலைநாட்டில் எதற்கும் அதன் மேல்தானே பழி!

குறை அங்கில்லை. சாதாரண புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறு வழி. ஹெட்செட்டின் மைக் திறந்ததும் அது பேச்சு வழிக்கு மாறிவிடும். நொடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்ட ஒலி 16,000க்கோ 8,000க்கோ இறங்கிவிடும். ஆகவே ஹெட்செட்டைக் கேட்பதற்கு மட்டும் வைத்து, பேசுவதற்கு மடிக்கணினியின் மைக்கைத் தெரிவுசெய்தோம்.

அடுத்த ஞாயிறு எல்லாம் தெளிவாகக் கேட்டது. "ஏம்மா அழுவுறீங்க?" என்றாள் சின்னவள்.