சார்ந்திருப்போர் யார்?

சைனாடவுனை அடுத்த ஹேவ்லாக் சாலையில் உள்ள சிங்கப்பூர் மனிதவள அமைச்சு வழங்குவது ‘சார்ந்திருப்போர் அட்டை’. சொல் நல்ல தமிழே; பொருள்தான் குறுகியது. வேலை அனுமதி பெற்று மாதம் குறைந்தது 6,000 வெள்ளி நிலையான ஊதியம் வாங்குவோரின் குடும்பத்தார்க்கே அது உரியது. மாணவர் ஊதியம் வாங்குவோர் அல்லர். ஆதலின் அவர் மனைவி எத்துணைச் சார்ந்திருப்பினும் அச்சொல்லுக்குள் அடங்கார்.

அட்டை பெற்றோர்க்கும் வேலை எளிதன்று. முன்னர் இசைவுக் கடிதமே போதுமானதாக இருந்தது. 2021 மே 1 முதல், சொந்தத் தொழில் நடத்தும் சிலர் நீங்கலாக, ஏனையோர் தனி வேலை அனுமதி பெறவேண்டும்.

கனடா 2025 ஜனவரியில் விதியை இறுக்கியபோதும், முனைவர் பட்ட மாணவரின் துணைவர்க்கு வேலை உரிமையை விட்டுவைத்தது. இங்கோ, தாயகத்தில் ஆசிரியராய்ச் சம்பாதித்த மனைவியும் தனி அனுமதி கிட்டாவிடில், கணவர் படித்து முடிக்கும்வரை வெறும் வருகையாளரே.