மிச்சம் ஓர் அங்குலம்

1967 முதல் 1969 வரை வந்த முதல் தலைமுறை ஷெவ்ரலே கமாரோவை எடுத்துப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது, ‘எவ்வளவு இறக்கலாம்?’ என்றுதான். டயரின் தலையில் மட்கார்டு கவிந்து நிற்கிற தோற்றம் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இறக்கியபின் சக்கரம் மேலே ஏற எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஒரு பேச்சுக்கு, கார் நிற்கும் நிலையிலிருந்து சக்கரம் 3 அங்குலம் மேலே ஏற முடியும் என்று வைத்துக்கொள்வோம். குட்டை ஸ்பிரிங் போட்டு 2 அங்குலம் இறக்கினால் மிச்சம் ஓர் அங்குலம். அதற்குமேல் பம்ப் ஸ்டாப் என்கிற ரப்பர் கட்டை. அதில் மோதினால் அடி நேராக பாடிக்குப் போகும். வளைவில் மோதினால் டயரின் பிடியே திடீரென்று மாறும்.

கடினமான ஸ்பிரிங் போட்டால் சரியாகிவிடாதா? ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும் ஆற்றல், அது அமுங்கும் தூரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதே குலுக்கலை மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் அடக்க ஒன்பது மடங்கு கடினம் வேண்டும். எட்டுச் சுற்று வேலைசெய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்தால் கூடுவதோ சுமார் 14 சதவீதக் கடினம்தான்! மேலும் கமாரோவின் முன் ஸ்பிரிங், சக்கரத்தைத் தாங்கும் கீழ்க் கண்ட்ரோல் ஆர்மின் நடுவாக்கில் உட்கார்ந்திருப்பதால், ஸ்பிரிங்கில் குறைத்ததைவிடச் சக்கரத்தருகே கார் அதிகமாக இறங்கும். அளவு தப்பிப்போவது இங்கேதான்.

முன்பக்கத்துக்கு நல்ல வழி டிராப் ஸ்பிண்டில். சக்கரம் மாட்டும் அச்சை 2 அங்குலம் மேலே தள்ளிச் செய்த பாகம் இது. கார் இறங்கும், ஆர்ம்களின் கோணமும் ஸ்பிரிங்கின் ஓட்டமும் பழையபடியே இருக்கும். ஆனால் டயர் மட்கார்டை நெருங்கிவிடும். அகல டயர் போட்டவர் உரசலுக்குத் தயாராக வேண்டும்.

பின்பக்கம் லாரியில் இருப்பதுபோல் பட்டை ஸ்பிரிங். அதற்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே கட்டை வைத்து இறக்குவது மலிவு. கட்டை உயர உயர, ஆக்ஸில் பட்டையை முறுக்கும் நெம்புபலம் கூடும். வேகமாகக் கிளப்பினால் சக்கரம் துள்ளும். ஒற்றைப் பட்டையோடு வந்த 1967 கமாரோவுக்கு இந்தத் துள்ளல் பிறவிக்குணம். 1968இல் ஒரு ஷாக் அப்சார்பரை ஆக்ஸிலுக்கு முன்னும் மற்றதைப் பின்னுமாக மாற்றி வைத்ததற்கு இதுவே காரணம். மிகவும் இறக்கியே தீருவேன் என்பவர்கள் ஆக்ஸிலுக்கு நேர் மேலே சேஸிஸில் பிறைவடிவில் வெட்டி, உள்ளே தகடு வைத்துப் பற்றவைத்து இடம் பண்ணுகிறார்கள். நல்ல வெல்டர் கையில் மட்டும் விட வேண்டிய வேலை.

மிச்ச இடத்தை அளப்பது சுலபம். ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கி, உடலோடு ஒட்டத் தள்ளிவிட்டு வழக்கமான சாலையில் ஓட்டி வாருங்கள். டை எங்கே நிற்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. பிறகு ஸ்பிரிங்கைக் கழற்றி, ஜாக்கியால் சக்கரத்தை ரப்பர் கட்டை தொடும்வரை தூக்கி, ஸ்டியரிங்கை இருபுறமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். உரசுகிற இடம் அப்போதே தெரிந்துவிடும்.