நுகமும் சிறகும்

இரவு 11 மணி. ஊர் உறங்குகிறது. இங்கிலாந்தில் ஏதோ ஒரு தொழில் நகரம். வரிசையாக நிற்கும் சிறு வீடுகளில் ஒன்று. பகலெல்லாம் பேருந்து ஓட்டிக் களைத்த ஒருவர் சமையலறை மேசையின் முன் உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஆள் இல்லை. ஒலிப்பதிவுக் கருவி ஒன்றுதான் இருக்கிறது. அதன் பக்கம் குனிந்து ஏதோ பேசுகிறார், நிறுத்துகிறார், நாடாவைத் திருப்பி ஓடவிட்டுத் தம் குரலைத் தாமே கேட்கிறார், முகம் சுளிக்கிறார், மறுபடி முதலிலிருந்து பேசுகிறார்.

மனிதருக்குச் சித்தம் கலங்கிவிட்டதோ? இல்லை, அன்பர்களே, இல்லை! அவர் பிரெஞ்சு மொழி பயில்கிறார். பல்கலைக்கழகத்தின் பட்டயத்துக்காகப் பயில்கிறார். அந்த ஒலிநாடாதான் அவருடைய விடைத்தாள்! விடிந்ததும் அதை உறையிலிட்டு அஞ்சலில் சேர்ப்பார். எங்கோ ஓர் ஊரில் இருக்கும் ஆசிரியர் அதைக் கேட்டு, பிழை குறித்து, மதிப்பெண் இட்டு, திருப்பி அனுப்பி வைப்பார்.

பெயர் சொல்லி ஒருவரை நாம் காட்டவில்லை. கற்பனையில் வரைந்து காட்டுகிறோம். ஆனால் வழி கற்பனை அல்ல. 1995-ஆம் ஆண்டில் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பிரெஞ்சுப் பாடத்தைத் தொடங்கியபோது, உழைத்துக் களைத்த மக்கள் வீட்டிலிருந்தபடி அயல்மொழி கற்ற வழி இதுதான்.

"பிரெஞ்சு படித்தாராம், அதற்கு ஒரு கட்டுரையா?" என்று கேட்பீர்கள். அந்த மொழி அந்த நாட்டுப் பாட்டாளியின் தலைமீது ஒரு காலத்தில் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதை அறிந்தால் அப்படிக் கேட்க மாட்டீர்கள்!

ஆண்டு 1066. கடலுக்கு அப்பாலிருந்து நார்மண்டியின் வில்லியம் படையோடு வந்தான், வென்றான், மன்னனானான். அவனோடு அவன் மொழியும் அரியணை ஏறியது. அரண்மனையில் பிரெஞ்சு! பிரபுக்களின் மாளிகையில் பிரெஞ்சு! நீதிமன்றத்தில் பிரெஞ்சு! ஆங்கிலமோ வயலிலும் தொழுவத்திலும் உழைப்பவன் வாயில் மட்டும் ஒடுங்கிக் கிடந்தது.

அதன் தழும்பு இன்றும் ஆங்கில மொழியின் மேல் இருக்கிறது. புல் மேயும் மாட்டுக்கு 'கவ்' என்று பெயர். அது பழைய ஆங்கிலச் சொல். அதே மாடு இறைச்சியாகித் தட்டுக்கு வந்தால் 'பீஃப்'. அது பிரெஞ்சிலிருந்து வந்த சொல். மந்தையில் நின்றால் 'ஷீப்'. மேசையில் வந்தால் 'மட்டன்'. மேய்த்தவன் மொழியில் ஒரு பெயர்; தின்றவன் மொழியில் வேறு பெயர்! ஒரு நாட்டின் சமூக வரலாற்றை இரண்டு சொல்லில் சொல்லிவிடலாம் போலிருக்கிறதே!

நீதிமன்றத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். கூண்டிலே நிற்கிறான் ஏழை. வழக்கு அவனைப் பற்றியது, நிலம் அவனுடையது, சில வேளை, போகப் போகும் உயிரும் அவனுடையது. வாதம் நடப்பதோ அவனுக்குப் புரியாத மொழியில்! மக்களுக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை, ஆகவே வழக்குகள் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று 1362-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தை எந்த மொழியில் எழுதினார்கள் தெரியுமா? பிரெஞ்சில்! சிரிப்பதா, அழுவதா? வழக்கறிஞர்களின் ஏடுகளில் அதன் பிறகும் நூற்றாண்டுக் கணக்கில் பிரெஞ்சு உயிரோடு இருந்தது. நீதிமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது 1733-இல்தான்.

திணிக்கப்பட்ட மொழி என்றால் என்னவென்று இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்கு நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. 1938-உம் 1965-உம் அவர்கள் வீட்டுக் கதைகள்.

ஆட்சி மொழி என்ற மிடுக்கு போன பிறகு பிரெஞ்சு என்ன ஆயிற்று? அழகுப் பொருளாயிற்று. சீமான் வீட்டுப் பெண்ணுக்குப் பிரெஞ்சு சொல்லித்தர வீட்டோடு ஓர் ஆசிரியை! சீமான் மகனுக்கு ஐரோப்பா சுற்றிவரப் பயணம்! விருந்தில் இரண்டு பிரெஞ்சுச் சொற்களை உதிர்த்தால் உயர்குடி. உதிர்க்கத் தெரியாவிட்டால் தாழ்குடி. முன்பு நுகமாக அழுத்திய மொழி, பின்பு வேலியாக மறித்தது. இரண்டு காலத்திலும் பாட்டாளி வெளியேதான் நின்றான்!

அந்த வேலியில் வாசல் வைத்தது யார்? ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகள்!

ஜென்னி லீ. 1904-இல் ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் பிறந்தவர். நிலக்கரித் தூசி படிந்த ஊரில் வளர்ந்து, படித்து, 1929-இல் 24 வயதிலேயே நாடாளுமன்றம் புகுந்தவர். அவர் மணந்த அன்யூரின் பெவனும் சிறுவனாகச் சுரங்கத்தில் இறங்கியவர்தான். ஏழையின் வீட்டு வாசலுக்கு 1948-இல் இலவச மருத்துவத்தைக் கொண்டுவந்த அமைச்சர் அவர். கணவர் மருந்துக்கு வழி செய்தார். மனைவி படிப்புக்கு வழி செய்தார்!

வானொலி, தொலைக்காட்சி வழியே பல்கலைக்கழகக் கல்வி என்ற எண்ணத்தை 1963-இல் கிளாஸ்கோ நகரில் ஹெரால்டு வில்சன் மேடையில் வெளியிட்டார். வில்சன் ஆட்சிக்கு வந்த பின், எண்ணத்தைச் செயலாக்கும் பொறுப்பு ஜென்னி லீயின் தோளில் விழுந்தது. பண்டிதர்கள் எள்ளினர், பத்திரிகைகள் நகைத்தன, கருவூலம் கையை விரித்தது. பழமைக்கட்சித் தலைவர்களில் ஒருவரான அயன் மெக்லியாட் இந்தத் திட்டத்தை வெறும் பிதற்றல் என்றே தள்ளினார். அம்மையார் அசையவில்லை. "ஏழைக்கு இது போதும் என்று தரம் குறைந்த சரக்கைத் தர மாட்டேன், தந்தால் முழுப் பல்கலைக்கழகமே தருவேன்" என்பதுதான் அவருடைய நிலையின் சாரம்.

1969-இல் அரச பட்டயம் கிடைத்தது. 1970-இல் ஆட்சி மாறியது. புதிய கல்வி அமைச்சர் மார்கரெட் தாட்சர். மூடிவிடுவார்கள் என்று அஞ்சியவர்கள் பலர். ஆனால் அவர் அதைத் தொடரவிட்டார். 1971-இல் ஏறத்தாழ 25,000 மாணவர்களோடு பாடம் தொடங்கியது. நுழைவுக்கு என்ன தகுதி வேண்டும்? எந்தத் தகுதியும் வேண்டாம்! பள்ளிச் சான்று கேட்கவில்லை, பரம்பரை கேட்கவில்லை. படிக்க விருப்பமா, வா என்றது. அன்று தொட்டு அதில் பயின்றோர் இன்று 20 இலட்சத்துக்கும் மேல்!

அப்படியானால் மொழிப் பாடம் மட்டும் 1995 வரை ஏன் காத்திருந்தது? காரணம் இருந்தது. கணக்கை அஞ்சலில் அனுப்பலாம். வரலாற்றை அஞ்சலில் அனுப்பலாம். நாக்கை அஞ்சலில் அனுப்ப முடியுமா? தொண்டைக்குள் உரசி வரும் பிரெஞ்சு ரகரத்தையும், மூக்கின் வழியே பாதி வெளியேறும் உயிரொலியையும் தாளில் எழுதிக் காட்ட முடியுமா? எதிரே ஆசிரியர் நிற்க வேண்டும், திருத்த வேண்டும், திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். தொலைவிலிருந்து நடவாத காரியம் என்றே பலர் எண்ணினர்.

நடத்திக் காட்டினார்கள். பிரான்சு நாட்டுக் கடைவீதியிலும், பண்ணையிலும், தொழிற்சாலையிலும் மக்கள் பேசுவதைப் படமாகவும் ஒலியாகவும் பதித்து வீட்டுக்கு அனுப்பினர். கேள், நிறுத்து, சொல், மறுபடி கேள் என்று பயிற்சி அமைத்தனர். அருகிலுள்ள ஊரில் அவ்வப்போது வகுப்பு, தொலைபேசியில் ஆசிரியர், பேச்சுத் தேர்வுக்கு ஒலிநாடா. இன்று நாடா போய்க் கணினித் திரையே வகுப்பறை ஆகிவிட்டது. ஆறு ஊரில் இருக்கும் ஆறு பேர் ஒரே நேரத்தில் கூடி உரையாடுகிறார்கள். கருவி மாறியிருக்கிறது, உழைப்பு மாறவில்லை.

உழைப்பு என்றோமே, அதன் அளவைச் சொல்லிவிடுகிறோம். பிரிட்டனில் உயர்கல்விப் பட்டயம் என்பது 240 தரப்புள்ளிகள் கொண்டது. முழுப் பட்டப் படிப்பின் 360-இல் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு புள்ளிக்கு 10 மணி நேரப் படிப்பு என்பது கணக்கு. ஆக, 2,400 மணி நேரம்! வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்கு 60 புள்ளி எடுப்பவருக்கு நான்கு ஆண்டுகள். பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்குச் சுமார் 16 மணி நேரம். பேருந்து ஓட்டுபவரும், மருத்துவமனையில் இரவு காவல் இருக்கும் செவிலியும், பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் புத்தகம் திறக்கும் தாயும் அந்த 16 மணி நேரத்தை எங்கிருந்து எடுக்கிறார்கள்? உறக்கத்திலிருந்து எடுக்கிறார்கள்! நாலு ஆண்டு உறக்கத்தைக் கொடுத்து ஒரு மொழியை வாங்குகிறார்கள். சீமான் மகனுக்கு வீட்டாசிரியை ஊட்டிய மொழி அது; இவர்களோ வியர்வை சிந்தி விளைவித்துக்கொண்டார்கள்.

இந்தப் படிப்பில் ஒரு கட்டம் உண்டு; அதை எண்ணும்தோறும் நம் நெஞ்சு நிமிர்கிறது. வீட்டில் பயின்றவர்கள் அந்த மொழி வழங்கும் நாட்டுக்கே சென்று, ஒரு வாரம் தங்கிப் பேசிப் பழகக் கோடைப் பள்ளிகள் நடந்தன. பிரெஞ்சு மாணவர்கள் சென்ற ஊர் எது தெரியுமா? கான்! நார்மண்டியிலுள்ள கான் நகரம்!

அந்த நகரத்தில்தான் இங்கிலாந்தை வென்ற வில்லியத்தின் கல்லறை இருக்கிறது. அங்குள்ள பல்கலைக்கழகத்தை 1432-இல் நிறுவியவன் யார்? இங்கிலாந்து மன்னன் ஆறாம் ஹென்றி. அப்போது காலம் திரும்பி, நார்மண்டி ஆங்கிலேயர் பிடியில் இருந்தது. அந்தப் பல்கலைக்கழகம் 1944-இல் நேச நாட்டு விமானங்களின் குண்டுவீச்சில் நூலகத்தோடு எரிந்தது. மீண்டும் கட்டினர், 1957-இல் திறந்தனர், நெருப்பில் வெந்து சாம்பலிலிருந்து எழும் பறவையைத் தன் சின்னமாகக் கொண்டது.

இவன் அவனை வென்றான்; அவன் இவனை ஆண்டான்; குண்டு விழுந்தது; நகரம் எரிந்தது. ஒன்பது நூற்றாண்டுகள் உருண்ட பின் அதே நகருக்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கூட்டம் வந்து இறங்கியது. கையில் வாள் இல்லை, அகராதி இருந்தது. "வணக்கம், ரொட்டிக் கடை எங்கே இருக்கிறது?" என்று பிரெஞ்சில் தட்டுத் தடுமாறிக் கேட்டது. படை எடுத்துச் சென்றும் பெற முடியாத ஒன்றைப் பாடம் படித்துப் பெற்றார்கள். அதற்கு நட்பு என்று பெயர்!

மொழி அதே மொழிதான். மேலிருந்து கழுத்தில் மாட்டியபோது அது நுகம். தானே விரும்பித் தேடியபோது அது சிறகு. குற்றம் மொழியிடம் இல்லை. மாட்டிய கையிடம் இருந்தது.

கதை இத்துடன் முடிந்தால் மகிழ்ச்சி. முடியவில்லையே! 2004-இல் இங்கிலாந்தின் பள்ளிகளில், 14 வயதுக்கு மேல் அயல்மொழி கட்டாயமில்லை என்றாக்கினார்கள். விளைவு? வசதி மிக்க பள்ளிகளில் மொழி நிலைத்தது. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் தேய்ந்தது. 2012-இல் பல்கலைக்கழகங்களுக்கான அரசு மானியம் வெட்டுண்டது, கட்டணம் உயர்ந்தது, வேண்டுமானால் கடன் வாங்கிப் படி என்றார்கள். வீட்டு வாடகைக்கே திணறுகிறவன் பிரெஞ்சுக்காகக் கடன் வாங்குவானா? பகுதிநேரமாகப் படிப்போர் தொகை சரிந்தது. பல பல்கலைக்கழகங்களில் மொழித் துறைகள் சுருங்கின, சில மூடின. வாசலை இடித்துவிட்டதாக யாரும் அறிவிக்கவில்லை. வாசலில் விலைச்சீட்டு ஒன்றைத் தொங்கவிட்டார்கள். அவ்வளவுதான்!

"கைபேசியே மொழிபெயர்த்துத் தருகிறதே, இனி மொழி படிப்பானேன்?" என்று கேட்கும் அறிவாளிகளும் கிளம்பியிருக்கிறார்கள். வழி கேட்கவும் விலை கேட்கவும் கருவி உதவும், மறுக்கவில்லை. ஆனால் அயலான் சொன்ன வேடிக்கைக்கு அவனோடு சேர்ந்து சிரிக்க வேண்டுமானால், அவன் துக்கத்தில் இரண்டு சொல் ஆறுதல் சொல்ல வேண்டுமானால், அது நம் நாவிலிருந்து வர வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள்: ஏழைக்கு மொழி எதற்கு என்று கேட்கிறவர், தம் பிள்ளைக்கு மொழி எதற்கு என்று கேட்பதுண்டா?

அந்தச் சுரங்கத் தொழிலாளியின் மகள் நட்ட விதையின் கன்று நம் பக்கத்திலும் முளைத்தது. 1982-இல் ஐதராபாத்தில் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 1985-இல் டில்லியில் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம். 2002-இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம். ஆலையிலிருந்து, கடையிலிருந்து, அடுப்படியிலிருந்து வந்து படிக்க இங்கும் வாசல் உண்டு. அந்த வாசலில் விலைச்சீட்டு பெரிதாகாமல் காப்பது நம் கடமை.

படிக்க முனையும் தோழர்களுக்கும் ஒரு சொல். பட்டயத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவது எளிது. மொழியை நாவில் தங்க வைப்பது கடினம். தாளுக்காகப் படித்தால் தாள் கிடைக்கும். மனிதனுக்காகப் படித்தால் மனிதன் கிடைப்பான். தாய்மொழியில் வேரூன்றி நில்லுங்கள். அயல்மொழிக்குக் கை நீட்டுங்கள். எவனும் திணித்தால் தலை குனியாதீர்கள். எவனும் தடுத்தால் விட்டுவிடாதீர்கள்!

அதோ, அந்தச் சமையலறையில் விளக்கு இன்னும் எரிகிறது. பேருந்து ஓட்டுநர் நான்காம் முறையாகப் பேசி முடித்துத் தம் குரலைக் கேட்கிறார். இம்முறை அவர் முகம் சுளிக்கவில்லை.