நாய்க்கு மூக்கில் இரத்தம் வடிந்தால் உடல் சூடு என்று விட்டுவிடலாமா?

கந்தர்வக்கோட்டைச் சுற்றுப்புறத்துச் செம்மண் கொல்லைகளில் கடலை பயிரிடுவோரும், முந்திரித் தோப்பு வைத்திருப்போரும், நாலைந்து வெள்ளாடு வளர்ப்போரும் நாய் இல்லாமல் காலம் தள்ளுவது கடினம். காய் பிடிக்கும் பருவத்தில் காட்டுப் பன்றியை விரட்டுவதும், இரவில் ஆட்டுக் கொட்டகைப் பக்கம் அயல் ஆள் வந்தால் குரைத்து எழுப்புவதும் அதுதான். ஆனால் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போகிறவர்கள் நாயை அங்கே கொண்டுபோவது அபூர்வம்.

சுறுசுறுப்பாக இருந்த நாய் சில நாட்களாகச் சோற்றைத் தொடாமல் கொட்டகை ஓரம் சுருண்டு படுத்திருக்கும். கூப்பிட்டால் தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். ஒரு நாள் காலையில் அதன் மூக்கிலிருந்து இரத்தம் சொட்டும். வீட்டார் உடம்பில் சூடு ஏறிவிட்டது என்று மோர் வைப்பார்கள். இரத்தம் தானாக நின்றுவிட்டால் குணமாகிவிட்டதென்று எண்ணுவார்கள். சில நாள் கழித்து மறுபடியும் வடியும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

வெயில் சூட்டினால் நாய்க்கு இளைப்பும் மயக்கமும் வரலாம். ஆனால் சோர்வும் மூக்கு இரத்தமும் சேர்ந்து வந்தால் நம் பகுதியில் முதலில் சந்தேகிக்க வேண்டியது உண்ணியைத்தான்.

உண்ணி கொண்டுவரும் நோய்

நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் பழுப்பு நிற உண்ணி, இரத்தத்தை உறிஞ்சும்போது எர்லிகியா என்னும் நுண்ணுயிரை உடலுக்குள் செலுத்திவிடுகிறது. அது வெள்ளையணுக்களுக்குள் புகுந்து பெருகும். கடித்த இரண்டு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், சோர்வு, கண்ணில் பீளை ஆகியவை தோன்றும். இவை தாமே தணிந்து, நாய் மாதக்கணக்கில் நலமாக இருப்பதுபோல் காணப்படும். பின்னர் சில நாய்களில் எலும்பு மச்சையே பழுதாகி இரத்த அணுக்கள் உற்பத்தியாவது குன்றிவிடுகிறது. இரத்தத்தை உறைய வைப்பவை தட்டணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இரண்டு முதல் ஐந்து இலட்சம் வரை இருக்க வேண்டிய இவை சில ஆயிரங்களாகச் சரிந்துவிடுவதும் உண்டு. அப்போது மூக்கின் மெல்லிய சவ்விலிருந்து இரத்தம் தானாகவே கசியும். ஆகவே மூக்கில் இரத்தம் வருவது பல நாய்களில் நோயின் தொடக்கம் அன்று. நோய் முற்றியதன் அடையாளம்.

இது புதிதாக வந்த நோயும் அன்று. 1935 ஆம் ஆண்டில் அல்ஜீரியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 1944 இல் முதலியார் என்ற ஆய்வாளர் தென்னிந்திய நாய்களிலும் இது இருப்பதை எழுதினார். வியட்நாம் போரின்போது, 1968 முதல் இரண்டாண்டுக்குள் அமெரிக்கப் படையின் நூற்றுக்கும் மேற்பட்ட நாய்கள் மூக்கில் இரத்தம் வடிந்து மடிந்தன. நல்ல தீனியும் தனி மருத்துவரும் பெற்றிருந்த நாய்கள் அவை! உண்ணி பரப்பும் இன்னொரு நோயான பபீசியாவின் ஒரு வகையை 1910 இல் பேட்டன் என்பவர் கண்டறிந்தது நமது சென்னையின் வேட்டை நாய்களில்தான். இதில் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறமாகப் போகும். இரண்டு நோயும் ஒரே நாயைப் பற்றுவதும் உண்டு.

வேறு காரணங்கள்

உண்ணியைச் சந்தேகிக்கலாம் என்பதற்காக மற்றவற்றை மறந்துவிடக் கூடாது. எலிக்கு வைக்கும் புரோமடையலோன் கட்டியைத் தின்ற நாய்க்கு உடனே ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்தே சோர்வும் இரத்தக் கசிவும் ஏற்படும். அந்த விஷத்தில் செத்த எலிகளைத் தின்றாலும் ஆபத்து உண்டு. இதற்கு வைட்டமின் கே1 நல்ல மாற்று மருந்து. அதைப் பல வாரம் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே எலி மருந்து வைத்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்தின் உறையையும் எடுத்துச் செல்வது நல்லது. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் கடித்தாலும் இரத்தம் உறையாது. முகமோ காலோ திடீரென்று வீங்கியிருந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது.

ஒரு நாசியில் மட்டும் இரத்தம் வந்து, நாய் ஓயாமல் தும்மினால் கதை வேறு. தரிசில் ஓடும்போது ஊசிப்புல்லின் முள் ஏறியிருக்கலாம். நாட்பட்டதானால் மூக்கினுள் கட்டியோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். அடிபட்டிருந்தால் அது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இரத்தம் கண்டால்

நாயை நிழலில், அமைதியான இடத்தில் கட்டி, மூக்கின் மேல்புறத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். தலையை அண்ணாத்திப் பிடிப்பதும், நாசிக்குள் பஞ்சைத் திணிப்பதும் கூடாது. மனிதருக்கான காய்ச்சல், வலி மாத்திரைகளைக் கொடுப்பது மிகப் பெரிய தவறு. ஆஸ்பிரின் இரத்தக் கசிவை அதிகமாக்கும். தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, விழுங்க முடியாமல் இருக்கும் நாயின் வாயில் தொண்டையில் எலும்பு சிக்கியதோ என்று கைவிடவே கூடாது. வெறிநோய் இப்படியும் வரும்.

பிறகு உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா, வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளிகள் உள்ளனவா, சாணம் தார்போல் கறுத்திருக்கிறதா என்று கவனித்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். முற்றிய நோயில் கிருமி அதில் தென்படாமலும் போகும். அதனால் தட்டணு எண்ணிக்கையையும் பார்க்கச் சொல்லிக் கேட்பது நலம். கூடுதல் பரிசோதனை தேவையானால் 2012 இல் தொடங்கிய ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது.

எர்லிகியாவுக்கு டாக்சிசைக்ளின் மாத்திரை நன்கு வேலை செய்கிறது. விலையும் அதிகமில்லை. நாயின் எடைக்கேற்ற அளவை மருத்துவர் குறித்துக் கொடுப்பார். பொதுவாக 28 நாள் கொடுக்க வேண்டும். நம்மவர் கோட்டை விடுவது இங்கேதான். மூன்றாம் நாளே நாய் எழுந்து சோறு தின்றதும் மீதி மாத்திரையை மாடத்தில் வைத்துவிடுகிறார்கள். தொடக்க நிலையில் முழுவதும் கொடுத்தால் பெரும்பாலான நாய்கள் பிழைத்துவிடுகின்றன. மச்சை பழுதான பின் பிழைப்பது அரிது.

நாயை மட்டும் கவனித்தால் போதாது

மாட்டில் காணும் உண்ணி, குஞ்சுப் பருவம் முதல் முட்டையிடும் வரை ஒரே மாட்டின் மீது இருந்துவிடும். நாய் உண்ணி அப்படியன்று. குஞ்சாக ஒரு முறை, இளம் உண்ணியாக ஒரு முறை, வளர்ந்து ஒரு முறை என மூன்று தடவை நாயின் மீது ஏறி இறங்குகிறது. கொட்டைமுத்துப்போல் பருத்த பெண் உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பிலும் மரச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். தீனி இல்லாமல் பல மாதம் காத்திருக்கவும் அதற்குத் தெரியும். ஆகவே நாயின் உடம்பில் இருப்பவை மொத்தத்தில் ஒரு சிறு பங்கே.

கொட்டகைச் சுவரின் வெடிப்புகளை அடைத்துச் சுண்ணாம்பு பூச வேண்டும். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை கொதிநீரில் போட வேண்டும். உண்ணியை விரலால் நசுக்காமல், தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து இழுத்துச் சோப்பு நீரில் போட வேண்டும். இதே உண்ணி மனிதருக்கும் ஒரு வகைக் கொப்புளக் காய்ச்சலைப் பரப்புவதால், நாயோடு விளையாடும் பிள்ளைக்குக் காய்ச்சலும் தோலில் தடிப்பும் கண்டால் உண்ணி இருந்ததை டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

பயிருக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாயின் மீது ஊற்றும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். நாய் அதை நக்கி, உண்ணிக்கு முன் தானே செத்துவிடும். நாய்க்கென்றே உள்ள உண்ணி மருந்தை மருத்துவர் சொல்லும் அளவில் கரைத்துத் தடவி, காயும் வரை நக்காமல் பார்த்துக்கொண்டு, முட்டையிலிருந்து புதிதாக வெளிவரும் குஞ்சுகளுக்காக அவர் குறிக்கும் இடைவெளியில் மறுபடியும் தடவ வேண்டும். வீட்டில் இரண்டு நாய் இருந்தால் இரண்டுக்கும் ஒரே நாளில் செய்ய வேண்டும்.