தூரம் காட்டும் கருவி

வல்வில் ஓரி எய்த ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பிற் போய்த் தைத்தது என்று புறநானூறு கூறும். அது வில்லின் வலிமைக்கு அமைந்த புகழுரை. இன்றைய வில்லாளனுக்கோ வலிமையினும் தூரக் கணக்கே முதன்மையானது.

அமெரிக்காவில், விதிக்கப்பட்ட பருவத்தில் வில்லால் மான் வேட்டையாடச் சட்டம் இடந்தருகின்றது. அங்கே வழங்கும் புதுமுறை வில்லிலிருந்து புறப்படும் அம்பு விநாடிக்கு ஏறத்தாழ 85 மீற்றர் செல்லும். துப்பாக்கிக் குண்டின் விரைவில் இது பத்திலொரு பங்களவே. ஆதலால் 25 மீற்றர் செல்வதற்குள் அம்பு 42 சென்ரிமீற்றர் வரை தாழ்கின்றது. 30 மீற்றரில் 61 சென்ரிமீற்றர் தாழ்கின்றது. முப்பது மீற்றரை இருபத்தைந்தென மதித்து எய்தால், அம்பு குறிக்கு அரைச்சாண் கீழே படும். நெஞ்சிற் படாத அம்பைச் சுமந்துகொண்டு மான் புதருள் ஓடி, நெடுநேரம் துடிக்கும். இக்கொடுமையைத் தவிர்ப்பதே தூரமானியின் முதற்பயன்.

கண் ஏன் தவறுகின்றது? தீவக மக்கள் இதனை நன்கறிவர். குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று நோக்குவோர்க்கு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோபுரம் மிக அண்மையில் இருப்பதாகவே தோன்றும். இடையே ஒப்பிட்டுப் பார்க்க மரமோ மதிலோ இல்லாத நீர்ப்பரப்புக் கண்ணை ஏமாற்றிவிடுகின்றது. நெடுந்தீவின் வெட்டவெளியில் மேயும் கட்டாக்காலிக் குதிரைகளைப் பார்ப்போர்க்கும் இம்மயக்கம் உண்டு.

செலவில்லாத அளவுமுறை ஒன்றுண்டு. கையை நீட்டிப் பெருவிரலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடி நோக்குக. பின்னர் மறுகண்ணால் நோக்குக. விரல் இடம்பெயர்ந்ததுபோலத் தோன்றும். அவ்விடப்பெயர்ச்சி குதிரை நிற்குமிடத்தில் மூன்று மீற்றர் என்று மதிப்பிட்டால், குதிரை ஏறத்தாழ முப்பது மீற்றருக்கு அப்பால் நிற்கின்றது. கையின் நீளம் இரு கண்களுக்கிடையேயுள்ள தூரத்தைப் போல் ஏறக்குறையப் பத்து மடங்காக இருப்பதே இதன் காரணம். ஆர்ச்சிபால்ட் பார், வில்லியம் ஸ்ரௌட் என்னும் பேராசிரியர் இருவர் 1888இல் அமைக்கத் தொடங்கிய தூரமானியும் இவ்விரு கண் தத்துவத்தையே தழுவியது. நீண்ட குழாயின் இரு முனைகளிலுமுள்ள ஆடிகள் இரு கண்களின் வேலையைச் செய்தன.

1960இல் லேசர் ஒளி பிறந்தபின் வேறுவழி திறந்தது. இன்றைய கைக்கருவி ஓர் ஒளித்துடிப்பை அனுப்பி, அது பட்டுத் திரும்பும் காலத்தைக் கணிக்கின்றது. முப்பது மீற்றர் சென்று மீள ஒளிக்கு வேண்டுவது ஒரு விநாடியின் ஐம்பது இலட்சத்தில் ஒரு பங்கே.

இக்கருவியை வாங்குவோர் பெட்டியின் மேல் அச்சிட்ட பேரெண்ணைக் கண்டு மயங்கலாகாது. ஆயிரம் யார் என்பது ஒளியை நன்கு திருப்பும் பலகைக்குரிய அளவு. மானின் மயிர்த்தோல் ஒளியை விழுங்கிவிடுவதால் அவ்வெல்லை மிகவும் குறுகிவிடும். மேலும் அம்பு செல்லத்தகும் தூரம் பெரும்பாலும் ஐம்பது மீற்றருக்குட்பட்டதே. ஆகவே, கிட்டத்து அளவு பிழையாதிருத்தலே விலைக்குரிய தகுதி. முன்னேயுள்ள புல்லைத் தள்ளிப் பின்னேயுள்ள விலங்கை அளக்கும் வசதியும், அந்திப்பொழுதிலும் தெரியும் ஒளியெண்களும் பணம் கொடுத்துப் பெறத்தக்கவை.

சரிவைக் கணக்கிடும் வசதிக்குத் தனிவிலை கேட்பார்கள். மலைச்சரிவில் அது தேவையே. முப்பது பாகைச் சரிவில் 30 மீற்றர் என்பது கிடைத்தளத்தில் 26 மீற்றர்தான். ஆனால் ஆறு மீற்றர் உயரமான பரணிலிருந்து, 25 மீற்றருக்கு அப்பால் நிற்கும் விலங்கை நோக்கினால் வேறுபாடு முக்கால் மீற்றரையும் எட்டாது. சமதரையான தீவகத்துக்கு அவ்வசதி வீண்செலவு. உப்புக்காற்று வீசும் இங்கே, நீரும் ஈரமும் புகாத உறையே இன்றியமையாதது.

இலங்கையில் மான் வேட்டை சட்டவிரோதம். 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமே இத்துறையில் அடிப்படை. நெடுந்தீவின் ஒரு பகுதியும் 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. ஆயினும் குதிரைகளையும் நீர்ப்பறவைகளையும் வெருட்டாமல் எட்ட நின்று எண்ணவும் படமெடுக்கவும் விரும்புவோர்க்கு இக்கருவி உறுதுணையாகும்.

வாங்குமுன், இரு பனைகளுக்கிடையே முப்பது மீற்றரை நாடாவால் அளந்து வைத்துக்கொண்டு, கருவியைக் காலையிலும் அந்தியிலும் சோதிப்பது நன்று. இருவேளையும் ஒரே அளவைச் சொல்லும் எளிய கருவி, ஆயிரம் யார் பேசும் விலையுயர்ந்த கருவியினும் மேலானது.