மிச்சம், எச்சம், எச்சில்: மீந்து போனதுக்கு எந்தச் சொல்?

திண்டுக்கல்லில் பிரியாணி பார்சல் வாங்கி வந்த வீட்டில், சாப்பிட்டு முடித்ததும் ஒரு குரல் வரும்: “மிச்சம் இருந்தா ஃபிரிட்ஜ்ல வை.” யாரும் “எச்சம் இருந்தா வை” என்று சொல்வதில்லை. ஏன்?

வேர் எங்கே?

அஞ்சு என்பதிலிருந்து அச்சம் வருகிறது. அதே போல மிஞ்சு என்பதிலிருந்து மிச்சம், எஞ்சு என்பதிலிருந்து எச்சம். மிஞ்சியது லாபக் கணக்கு. “ஆட்டோ காசு மிச்சம்” என்றால் சேமிப்பு. எஞ்சியது, எல்லாம் போன பிறகு நிற்பது. எச்சிலும் எஞ்சு குடும்பம்தான். பாத்திரத்தில் இருக்கும் சோறு மிச்சம்; கை வைத்துவிட்டால் எச்சில்.

பள்ளியில் படித்த எச்சம்?

‘வந்த’ என்று நிறுத்தினால் “யாரு?” என்று கேட்கத் தோன்றும். ஒரு பெயர் பாக்கி, அதனால் பெயரெச்சம். ‘வந்து’ என்றால் “வந்து?” என்று கேட்போம். வினை பாக்கி, அதனால் வினையெச்சம். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கடைசி இயலுக்கே எச்சவியல் என்றுதான் பெயர்.

குறள் சொல்லும் எச்சம்

நடுவுநிலைமை அதிகாரத்தில் வரும் 114-வது குறள், ஒருவர் தகுதியானவரா என்பதை அவரது எச்சம் காட்டிவிடும் என்கிறது. பரிமேலழகர் அதற்கு நன்மக்கள் என்று பொருள் கொண்டார். மு.வரதராசன், பின்னால் நிற்கும் புகழும் பழியும் என்றார்.

திண்டுக்கல்லின் எச்சம்

இந்த ஊருக்கு அந்தச் சொல் கனமானது. ‘தோல் ஷாப்பு’ தொழிலாளர்களின் வாழ்க்கையை எழுதிய டி.செல்வராஜின் ‘தோல்’ நாவல் 2012-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. தோல் கெடாமலிருக்க உப்பு போடுவார்கள். பதனிடும்போது அது கழுவிய தண்ணீரோடு வெளியேறும். தோல் லாரி ஏறிப் போய்விடும். உப்பு மண்ணிலும் கிணற்றிலும் தங்கிவிடும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டுத் தோல் ஆலைகள் வழக்கில், மாசுபடுத்தியவரே அதற்கான விலையைத் தர வேண்டும் என்றது. ஐந்து மாவட்டங்களின் தோல் ஆலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது. அதில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று.

தொழிலில் கிடைத்த மிச்சம் ஒருவர் கைக்குப் போகும். எச்சம் ஊருக்கே வந்து சேரும். உப்புக் கரிக்கும் கிணற்றுத் தண்ணீரை வாயில் வைத்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை அகராதி பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.