ஏலத்தில் ஏறும் கடிகாரங்கள்

மணியை அறிவிப்பதே கடிகாரத்தின் தொழில். மலிவான கடிகாரமும் அத்தொழிலைக் குறைவின்றிச் செய்கின்றது. அவ்வாறாயின், பழைய கடிகாரமொன்றுக்கு ஏல மண்டபத்தில் கோடிக்கணக்கான பணம் கொடுக்கப்படுவது ஏன்? இரண்டு கடிகாரங்களின் வரலாறு இவ்வினாவுக்கு விடை தருகின்றது.

முதலாவது, வேலைத்திறனால் உயர்ந்தது. ஹென்றி கிரேவ்ஸ் என்னும் நியூயோர்க் வங்கியாளர், எவரிடமும் இல்லாத நுட்பமுடைய சட்டைப்பைக் கடிகாரமொன்றை விரும்பி, ஜெனீவாவிலுள்ள பட்டெக் பிலிப் நிறுவனத்தாரிடம் 1925இல் செய்யக் கொடுத்தார். 1933இல் அது அவர் கையை அடைந்தது. திகதி, பிறையின் வளர்ச்சி தேய்வு, சூரியனின் உதயம் மறைவு, நியூயோர்க்கின் இரவு வானம் என 24 நுட்பங்கள் அதனுள் அடங்கியிருந்தன. 1999இல் ஏலத்தில் ஏறக்குறைய 1 கோடியே 10 இலட்சம் டொலர் பெற்ற அக்கடிகாரம், 2014இல் ஜெனீவாவில் 2 கோடியே 32 இலட்சம் சுவிஸ் பிராங்குக்கு விலைப்பட்டது.

இரண்டாவதோ, தொழிற்சாலையில் பலவற்றுள் ஒன்றாக ஆக்கப்பட்ட றோலெக்ஸ் கைக்கடிகாரம். மோட்டார்ப் பந்தயத்தில் ஈடுபட்ட நடிகர் போல் நியூமனுக்கு அவர் மனைவி ஜோன் வூட்வேர்ட் அளித்தது. கவனமாக ஓட்டும்படி வேண்டும் வாசகம் அதன் பின்புறத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. 2017இல் நியூயோர்க்கில் அதன் விலை 1 கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் ஏறியது.

ஒன்றில் வேலைத்திறன், மற்றதில் ஐயமற்ற வரலாறு. இவ்விரண்டையும் மெய்ப்பிப்பதே ஏல நிறுவனத்தின் முதற்கடமை. கூட்டைத் திறந்து, உள்ளிருக்கும் இலக்கங்களைச் செய்தவரின் பழைய பதிவேடுகளோடு ஒப்பிடுவர். பின்னர் மதிப்பீட்டு விலையோடு விவரப்பட்டியல் வெளியாகும். இன்ன விலைக்குக் குறைந்தால் விற்பதில்லை என்னும் எல்லையொன்றும் பெரும்பாலும் இரகசியமாக வகுக்கப்படும். சுத்தியல் விழுந்ததும் விற்பனை முடிவாகும். ஆயினும், வாங்குபவர் அவ்விலைக்கு மேல் நிறுவனத்தின் தரகையும் செலுத்துதல் வேண்டும். வெளியில் அறிவிக்கப்படும் பெருந்தொகைகள் வழக்கமாகத் தரகும் சேர்ந்தவையே.

இச்சந்தையில் பெருநட்டம் விளைவிப்பது பழைமையன்று. பழைமையை மறைக்கும் முயற்சியே. மங்கிய முகப்புக்குப் புதுவர்ணம் தீட்டினாலும், கீறல் நீங்கக் கூட்டைத் தேய்த்து மெருகிட்டாலும், சேகரிப்போர் தேடும் மூலத்தன்மை அழிந்துபோகும். அதனை மீட்க வழியில்லை. ஆதலின், முன்னோரின் கடிகாரமொன்று பெட்டியில் கிடந்து கைக்கு வருமாயின், அதனை அழகுபடுத்துமுன் அறிந்தவரிடம் காட்டுதலே அறிவுடைமை. அதன் மங்கலும் கீறலும் அதன் வரலாற்றுக்குச் சாட்சிகள்.